வேலி காட்டிய வழி: டோரிஸ் பில்கிங்டனின் நூல் குறித்து ஒரு திறனாய்வு

மேற்கு ஆஸ்திரேலியாவில் 1901ஆம் ஆண்டு தொடங்கி 1907ஆம் ஆண்டுவரை ஒரு வேலி கட்டப்பட்டது. தென்கடற்கரையிலிருந்து வடமேற்குக் கடற்கரைவரை அதன் நீளம் 1,833 கிலோமீட்டர். 1859ஆம் ஆண்டு விக்டோரியா மாநிலத்தில் ஒரு நிலக்கிழார் வேட்டைப் பொழுதுபோக்கிற்காக அவிழ்த்துவிட்ட சில முயல்கள் அரை நூற்றாண்டுக்குள் பல்கிப் பெருகிப் பயிர்நிலங்களையும் மேய்ச்சல் நிலங்களையும் அழித்துக்கொண்டு மேற்கு நோக்கி வந்தன. அவற்றைத் தடுப்பதே வேலியின் நோக்கம். நோக்கம் நிறைவேறவில்லை, வேலை முடிவதற்கு முன்பே முயல்கள் அந்தக் கோட்டைக் கடந்துவிட்டிருந்தன. ஆனால் 1931ஆம் ஆண்டு அவ்வேலி, அதைக் கட்டியவர்கள் நினைத்தும் பாராத ஒரு பணியைச் செய்தது. அரசு பிடித்துச் சென்ற மூன்று ஆதிக்குடிச் சிறுமியருக்கு அது தாய்வீட்டுக்கு வழிகாட்டிற்று.

அச்சிறுமியரின் பெயர்கள் மோலி, டெய்சி, கிரேசி. மோலிக்கு அப்போது பதினான்கு வயதளவு. மற்ற இருவரும் அவளினும் இளையவர்கள். பெர்த் நகருக்கு வடக்கே 135 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மூர் ரிவர் குடியிருப்பிலிருந்து தப்பி, பாலைவன விளிம்பிலுள்ள ஜிகலாங் என்ற தம் ஊரை நோக்கி அவர்கள் நடந்தனர். ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர், ஒன்பது வாரங்கள். கிரேசி இடைவழியில் பிடிபட்டாள். மற்ற இருவரும் ஊர் சேர்ந்தனர். இந்நிகழ்ச்சியை மோலியின் மகள் டோரிஸ் பில்கிங்டன் கரிமாரா 1996ஆம் ஆண்டு நூலாக எழுதினார். 'முயல் வேலியைப் பின்பற்றி' என்று அதன் ஆங்கிலப் பெயரைத் தமிழில் சொல்லலாம். 2002ஆம் ஆண்டு ஃபிலிப் நாய்ஸ் அதைத் திரைப்படமாக்கினார். படம் உலகெங்கும் ஓடியது. அதன் வழியாகவே நூலையும் பலர் அறிந்தனர். நம்மிடையேயும் படத்தைப் பார்த்தோர் உளர். நூலைப் படித்தோர் மிகச் சிலரே. இரண்டும் ஒன்றைத்தான் சொல்கின்றன என்று எண்ணுவது பிழை. இவ்வேறுபாட்டை எடுத்துக்காட்டுவதும், இந்நூலை எப்படிப் படிக்கவேண்டும் என்று ஆராய்வதும், முடிவில் நம்மைப் பற்றிய ஒரு கேள்வியை எழுப்புவதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

சட்டத்தின் முகம்

நூல் சிறுமியரிடமிருந்து தொடங்கவில்லை. அது நூறாண்டுகள் பின்னே செல்கிறது. 1826ஆம் ஆண்டு தென்மேற்குக் கரையில் ஆங்கிலேயர் அமைத்த முதல் படைமுகாமும், 1829ஆம் ஆண்டு ஸ்வான் ஆற்றங்கரையில் நிறுவப்பட்ட குடியேற்றமும் முதல் இயல்களில் வருகின்றன. நியூங்கார் மக்கள் முதலில் வந்தவர்களை விருந்தினராகவே கருதினர் என்றும், வந்தவர் திரும்பிப் போகமாட்டார்கள் என்பது மெல்ல மெல்லவே விளங்கிற்று என்றும் ஆசிரியர் காட்டுகிறார். பின்னர் கதை வடக்கே பாலைவனத்துக்கு நகர்கிறது. மார்டு மக்கள் தம் நிலத்தைவிட்டு வேலிப் பணிக்கான கிடங்காக 1907ஆம் ஆண்டு தோன்றிய ஜிகலாங்கை நோக்கி வருகின்றனர். மோலியின் தந்தை அவ்வேலியைக் கண்காணித்த வெள்ளையர். ஆக, வேலி கட்ட வந்தவரின் மகளே வேலியைப் பிடித்துக்கொண்டு தாயிடம் திரும்புகிறாள். இந்த முரணை ஆசிரியர் எங்கும் வலிந்து சுட்டிக்காட்டவில்லை. அதைக் கண்டுகொள்ளும் பொறுப்பை நம்மிடமே விட்டுவிடுகிறார்.

1905ஆம் ஆண்டின் ஆதிக்குடிகள் சட்டம் மேற்கு ஆஸ்திரேலியாவில் 'தலைமைக் காப்பாளர்' என்னும் பதவிக்கு அளவற்ற அதிகாரத்தை வழங்கிற்று. பதினாறு வயது நிரம்பாத ஒவ்வோர் ஆதிக்குடிக் குழந்தைக்கும், கலப்பினக் குழந்தைக்கும் சட்டப்படியான பாதுகாவலர் அவரே. பெற்ற தாய் அல்லள். 1915 முதல் 1940 வரை அத்துறையை நடத்தியவர் ஏ. ஓ. நெவில். அவருடைய கொள்கை எளிமையானது. கலப்பினக் குழந்தைகளைத் தாயாரிடமிருந்து பிரித்து, வெள்ளையர் நடுவே வளர்த்து, தலைமுறை தோறும் வெள்ளையரோடு மணம் முடித்தால் நிறமும் இனமும் நினைவும் கரைந்துபோகும் என்பது அது. 1937ஆம் ஆண்டு கான்பெராவில் கூடிய அதிகாரிகள் மாநாடு இக்கருத்தையே ஏற்றுத் தீர்மானம் இயற்றிற்று. கொலை செய்யாமலே ஒரு சமுதாயத்தை இல்லாமல் ஆக்கும் திட்டம் அது. அதற்கு இடப்பட்ட பெயர் 'பாதுகாப்பு'.

இவ்விடத்தில்தான் நூலும் படமும் பிரிகின்றன. படத்தில் காவலர் மோட்டார் வண்டியில் பாய்ந்து வருகிறார். சிறுமியர் ஓடுகின்றனர், தாயர் போராடுகின்றனர், வலுக்கட்டாயமாகக் குழந்தைகள் பறிக்கப்படுகின்றனர். காண்போர் நெஞ்சு பதறும் காட்சி அது. நூலில் காவலர் குதிரைமீது வருகிறார். தாம் வந்த காரியத்தைச் சொல்கிறார். யாரும் அவரைத் தாக்கவில்லை. எதிர்த்துப் பயனில்லை என்பதை மூத்தோர் அறிந்திருக்கின்றனர். சிறுமியர் குதிரைகளில் ஏற்றப்பட்டு அகன்ற பின்னரே, இறந்தோருக்காக அழுவதுபோல் மகளிர் ஓலமிட்டுத் தம் தலைகளைக் கீறிக் குருதி சிந்துகின்றனர். பின்பு நெடும்பயணம், ஹெட்லண்ட் துறைமுகத்திலிருந்து 'கூலிண்டா' என்னும் கப்பலில் தெற்கே செல்லும் பயணமும் அதில் அடங்கும். கடலையே கண்டறியாத பாலைவனச் சிறுமியர் அக்கப்பலில் வியப்பும் அச்சமும் கலந்து நிற்கும் பகுதி நூலின் சிறந்த பக்கங்களுள் ஒன்று. படத்தில் கப்பலே இல்லை.

எது மெய்யானது என்ற கேள்வியை மட்டும் நாம் எழுப்பவில்லை. திரைக்கலைக்கு அதற்குரிய சுருக்கமும் வேகமும் வேண்டும் என்பதை ஏற்கலாம். நம் கேள்வி வேறு: எது கொடியது? பறித்துச் செல்லும் காவலரைக் கண்டால் நாம் அவரை வெறுத்துவிட்டு அமைதியடைந்துவிடலாம்; அவர் ஒரு தீயவர், அவ்வளவே. ஆனால் அமைதியாக வந்து, சட்டத்தைச் சொல்லி, குழந்தைகளைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு செல்பவரை வெறுத்துவிட்டு முடிவுக்கு வர இயலாது. அங்கே தீமை ஒரு மனிதரிடம் இல்லை, தாள்களில் இருக்கிறது. எதிர்ப்பின்றிக் குழந்தையை ஒப்படைக்கும் நிலைக்கு ஒரு சமுதாயத்தைக் கொண்டுவருவதற்கு முன் எத்தனை தோல்விகள் நிகழ்ந்திருக்கவேண்டும் என்பதை நூலின் முதல் இயல்கள் சொல்கின்றன. அவ்வியல்களைத் தவிர்த்த படம், விளைவைக் காட்டிக் காரணத்தை மறைத்துவிட்டது என்றே நாம் கருதுகிறோம்.

ஏடும் வாய்மொழியும்

நூலின் அமைப்பில் குறிப்பிடத்தக்க மற்றொரு கூறு, அது அரசுக் கோப்புகளைத் தன்னுள் இணைத்துக்கொண்டிருப்பது. காவலரின் அறிக்கைகள், அலுவலகக் கடிதங்கள், காணாமற்போன சிறுமியரைப் பற்றிய நாளிதழ் அறிவிப்பு ஆகியவை கதைப்போக்கின் நடுவே வருகின்றன. ஒரு பக்கத்தில் சிறுமியர் முயல் வளைகளைத் தோண்டி அதில் ஒடுங்கித் தூங்குகின்றனர். முயலைப் பிடித்துச் சுட்டு உண்கின்றனர். முட்செடி கீறிய கால்கள் புண்ணாகி வலிக்கின்றன. அடுத்த பக்கத்தில் அலுவலகம் தேடுதலுக்கு ஆகும் செலவைக் கணக்கிடுகிறது. பசித்து வந்த சிறுமியருக்கு உணவும் மேலங்கியும் தந்த பண்ணை வீட்டு அம்மையார் ஒருவர், அவர்கள் சென்றபின் அதிகாரிகளுக்குத் தகவல் அனுப்புகிறார். அவரைக் கொடியவராக ஆசிரியர் தீட்டவில்லை. சிறுமியர் பாலைவனத்தில் மடிந்துவிடுவரோ என்ற அக்கறையும் அவருக்கு இருந்தது. ஒரு கையால் உணவளித்து மறு கையால் காட்டிக்கொடுக்கும் இத்தகைய அக்கறையே அக்காலத்துப் 'பாதுகாப்பு'க் கொள்கையின் முழு வடிவம்.

இக்கோப்புகளைப் பற்றி ஒரு விவாதம் உண்டு. கீத் விண்ட்ஷட்டில் என்னும் வரலாற்றெழுத்தாளர் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில், குழந்தைகள் திருடப்பட்டனர் என்ற கூற்றையே மறுத்தார். பிரிக்கப்பட்டோர் நலன் கருதியே பிரிக்கப்பட்டனர் என்பதும், முதியோர் நினைவு நம்பத்தகாதது என்பதும் அத்தரப்பாரின் வாதம். 1997ஆம் ஆண்டு வெளியான மனித உரிமை ஆணைய அறிக்கையோ, 1910 முதல் 1970 வரையிலான காலத்தில் பத்தில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரையிலான ஆதிக்குடிக் குழந்தைகள் குடும்பங்களிலிருந்து பிரிக்கப்பட்டனர் என மதிப்பிட்டது. இத்துணைப் பெரிய இடைவெளியோடு மதிப்பீடு அமைந்ததே கோப்புகளின் நிலையை உணர்த்தும். குழந்தைகளைப் பிரித்தெடுத்த நிருவாகம் கணக்கை முழுமையாக வைக்கவில்லை. இன்று கணக்கு எங்கே என்று கேட்பவர் பாதிக்கப்பட்டவரிடம் கேட்கிறார்.

அரபுக் கல்லூரியில் ரிவாயத், திராயத் என்னும் இருவகை ஆய்வுமுறைகளையும் மாணவர்க்குக் கற்பித்துவரும் நமக்கு இவ்விவாதம் புதியதன்று. ஒரு செய்தி எழுத்தில் இருப்பதனாலேயே உண்மையாகிவிடாது; வாய்மொழியாக வந்ததனாலேயே பொய்யாகிவிடாது. யார் சொன்னார், அவர் நேரில் கண்டவரா, அவருடைய நினைவாற்றல் எத்தகையது, சொல்வதில் அவருக்கு ஆதாயம் உண்டா, வேறு வழிகளில் வந்த செய்தி அதனோடு ஒத்துப்போகிறதா என்று ஆராய்ந்த பின்னரே ஏற்றலும் தள்ளலும். இவ்வளவுகோலை வைத்துப் பார்ப்போமானால், தம்மைப் பற்றித் தாமே நற்சான்று எழுதிக்கொண்ட அலுவலகம் ஆதாயமுள்ள அறிவிப்பாளர். மோலியும் டெய்சியும் நேரில் கண்டவர்; தம் கால்களால் அளந்தவர். மேலும், அவர்கள் தப்பியதையும் தேடப்பட்டதையும் அலுவலகக் கடிதங்களே உறுதிப்படுத்துகின்றன. மறுப்பதற்கென்று சேர்த்துவைத்த ஏடே சான்றாக மாறிவிடுகிறது.

ஆயினும் திறனாய்வாளன் தன் பக்கத்தாரையும் அதே அளவுகோலால் அளக்கவேண்டும். இந்நூலில் ஒரு குறை உண்டு. தாயும் சிற்றன்னையும் எழுத்தறியாதவர்கள். ஆண்டும் நாளும் தொலைவும் எண்களால் அவர்களுக்கு இல்லை. பயணத்துக்கும் நூலுக்கும் இடையே அறுபதாண்டுகள் கழிந்துவிட்டன. எனவே நிலக்காட்சிகளையும் செடிகொடிகளையும் பிற ஆய்வேடுகளிலிருந்தும் தம் கற்பனையிலிருந்தும் நிரப்பியதாக ஆசிரியரே முன்னுரையில் ஒப்புக்கொள்கிறார். இந்நேர்மை பாராட்டுக்குரியது. ஆனால் நூலுள் எவ்விடம் நினைவு, எவ்விடம் ஏடு, எவ்விடம் கற்பனை என்று பிரித்தறிய வழியில்லை. குறிப்பாக நூறாண்டுக்கு முந்தைய நியூங்கார் முதியோரின் உரையாடல்கள் நாவலுக்குரியவை. அவை ஆவணங்களுக்கு அருகே வரலாறு போலவே நிற்கின்றன. மறுப்போர்க்கு இது தேவையற்ற ஒரு வாயிலைத் திறந்துவிட்டது. அறிவிப்பாளர் தம் சொல்லையும் தாம் கேட்ட சொல்லையும் வேறுபடுத்திக் காட்டவேண்டும் என்ற முறை வெறும் சம்பிரதாயம் அன்று. உண்மைக்கு அதுவே காவல்.

சொல்லாமல் விட்ட சொல்

நூலின் மிகப் பெரிய செய்தி அதன் இறுதியில் மிகச் சுருக்கமாக, உணர்ச்சி கலவாமல் கூறப்பட்டுவிடுகிறது. ஊர் திரும்பிய மோலி வளர்ந்து மணம் செய்துகொண்டு இரு பெண்மக்களைப் பெற்றாள். 1940ஆம் ஆண்டு மருத்துவத்துக்காகப் பெர்த் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டவள், மக்களோடு மீண்டும் அதே மூர் ரிவர் குடியிருப்பில் அடைக்கப்பட்டாள். 1941ஆம் ஆண்டு அவள் இரண்டாம் முறையாகத் தப்பினாள். மீண்டும் அதே நெடுவழி. ஆனால் இரு குழந்தைகளைச் சுமந்து அத்தொலைவு நடக்க இயலாது. ஒன்றரை வயதுக் குழந்தையான இளையவளைத் தூக்கிக்கொண்டு, நான்கு வயதை எட்டாத மூத்தவளைக் குடியிருப்பிலேயே விட்டுச் சென்றாள். விடப்பட்ட அக்குழந்தைதான் இந்நூலின் ஆசிரியர். தூக்கிச் செல்லப்பட்ட இளையவளும் சில ஆண்டுகளில் பறிக்கப்பட்டாள். 2004ஆம் ஆண்டு இறக்கும்வரை மோலி அம்மகளை மீண்டும் காணவில்லை.

இதை அறிந்தபின் நூலை முதலிலிருந்து படிப்போர்க்கு ஒவ்வொரு பக்கமும் வேறு பொருள் தரும். தாய் சிறுமியாயிருந்தபோது தன் தாயிடம் திரும்பிய பயணத்தை, அத்தாயால் விட்டுச்செல்லப்பட்ட மகள் எழுதுகிறாள். மோலியின் துணிவைப் போற்றும் ஒவ்வொரு வரியிலும், 'என்னை ஏன் விட்டுச் சென்றாய்?' என்ற கேட்கப்படாத கேள்வி உள்ளே நிற்கிறது. ஆசிரியர் அதைக் கேட்கவில்லை. மூர் ரிவரிலும் பின்னர்க் கிறித்தவ மிஷன் விடுதியிலும் வளர்ந்த அவர், தம் மக்களையே இழிவாக எண்ணுமாறு பழக்கப்பட்டவர். 1962ஆம் ஆண்டு, இருபத்தைந்து வயதளவில்தான் பெற்றோரை மீண்டும் கண்டார். தம்முடைய கதையை அவர் தனியே, 2002ஆம் ஆண்டு வெளியான மற்றொரு நூலில் எழுதினார். தாயின் நூலில் தம் புண்ணைக் காட்டித் தாயின் கதையை மறைத்துவிடக்கூடாது என்னும் கட்டுப்பாடு அது. தன்னை முன்னிறுத்தும் தன்வரலாறுகள் மலிந்துவிட்ட காலத்தில் இவ்வடக்கம் நம் கவனத்துக்குரியது.

படம் இங்கும் வேறு வழியை மேற்கொள்கிறது. இறுதியில் முதியவராகிவிட்ட உண்மையான மோலியும் டெய்சியும் தம் மண்ணில் நடந்துவரும் காட்சி நெகிழ்ச்சியானது. இரண்டாம் பயணத்தையும் இளைய மகளை இழந்ததையும் படம் சொல்லாமலில்லை. எனினும் விட்டுச்செல்லப்பட்ட மகளே இதை எழுதினாள் என்பதற்கு அங்கே அழுத்தமில்லை. வெற்றி பெற்ற பயணமே மனத்தில் தங்குகிறது. நூலை மூடுகையில் நம் மனத்தில் தங்குவது வெற்றி அன்று. சட்டம் ஒரு தாயை இரு மக்களுள் ஒருத்தியைத் தேர்ந்தெடுக்கும்படி செய்தது என்பதே.

நடத்தலே உரிமை

இப்பயணத்தை ஒரு தனிப்பட்ட வீரச்செயலாக மட்டும் கருதுவோர் அதன் அரசியல் பொருளை இழந்துவிடுகின்றனர். ஆதிக்குடியினரைக் கட்டுப்படுத்திய சட்டங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால், அவை பெரும்பாலும் நடமாட்டத்தையே குறிவைத்தன என்பது விளங்கும். எங்கே குடியிருக்கலாம், யாரிடம் வேலை செய்யலாம், எந்த நகருக்குள் நுழையலாம், யாரை மணக்கலாம் என்பனவெல்லாம் அனுமதிச் சீட்டுக்குரியவை. ஆகவே அனுமதியின்றி எழுந்து நடப்பதே அவர்கள் கையாண்ட உரிமைப்போராக அமைந்தது.

1938ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள், வெள்ளையர் வருகையின் நூற்றைம்பதாம் ஆண்டு கொண்டாடப்பட்டபோது, வில்லியம் கூப்பர், வில்லியம் ஃபெர்குசன், ஜாக் பேட்டன் முதலியோர் சிட்னியில் அதைத் துக்கநாளாக அனுசரித்து முழுக் குடியுரிமை கோரினர். மறு ஆண்டு பிப்ரவரியில் கம்மெராகுஞ்சா குடியிருப்பில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர், மேலாளரின் கொடுமை தாங்காது, முர்ரே ஆற்றைக் கடந்து வெளியேறினர். 1946ஆம் ஆண்டு மே முதல் நாள் மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பராவில் ஏறத்தாழ எண்ணூறு ஆதிக்குடிப் பண்ணைத் தொழிலாளர் ஊதியம் கோரி வேலையைவிட்டு வெளியேறினர். எழுத்தறியாத மக்களுக்கு அந்நாளைத் தெரிவிப்பதற்காக டூலி பின்பின் என்பார் நாள்குறிகளைச் செய்து பண்ணை தோறும் சேர்ப்பித்தார். மூன்றாண்டுகள் நீடித்த அப்போராட்டம் நடந்த வட்டாரத்தின் விளிம்பில்தான் ஜிகலாங் இருக்கிறது. 1966ஆம் ஆண்டு வேவ் ஹில் பண்ணையிலிருந்து வின்சென்ட் லிங்கியாரி தலைமையில் இருநூறு குரிஞ்சி மக்கள் வெளியேறினர்; ஒன்பது ஆண்டுகள் உறுதியாக நின்று, 1975ஆம் ஆண்டு பிரதமர் விட்லம் கையால் தம் மண்ணைப் பெற்றனர். இவை யாவும் நடந்து வெளியேறிய போராட்டங்கள். அவ்வரிசையின் முன்வரிசையில் 1931ஆம் ஆண்டின் மூன்று சிறுமியரையும் நிறுத்தவேண்டும் என்பது நம் துணிபு. நூலின் எல்லைக்கு அப்பாற்பட்டதாகையால் ஆசிரியர் இத்தொடர்பைக் கூறவில்லை, வாசகர்தாம் கூட்டிக்கொள்ளவேண்டும்.

குடியுரிமை எவ்வாறு வழங்கப்பட்டது என்பதும் கருதத்தக்கது. 1944ஆம் ஆண்டு மேற்கு ஆஸ்திரேலியா இயற்றிய சட்டத்தின்படி, ஓர் ஆதிக்குடியினர் குடியுரிமைச் சான்று பெற விரும்பினால், நெருங்கிய உறவினரைத் தவிர்த்துத் தம் இனத்தாரோடு ஈராண்டுகளாகத் தொடர்பின்றி வாழ்ந்ததைக் காட்டவேண்டும். அச்சான்றுக்கு அம்மக்கள் இட்ட பெயர் 'நாய் உரிமம்'. அதாவது, உரிமை வேண்டுமெனில் உறவை விடு. உறவு வேண்டுமெனில் உரிமையை விடு. மோலி எதிர்கொண்ட அதே தேர்வு இங்கே சட்ட வாசகமாயிற்று. கூட்டாட்சித் தேர்தலில் வாக்குரிமை 1962ஆம் ஆண்டு கிடைத்தது. 1967ஆம் ஆண்டின் பொதுவாக்கெடுப்பே வாக்குரிமை தந்தது எனப் பலர் எழுதுவது பிழை. தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் ஆதரித்த அவ்வாக்கெடுப்பு, ஆதிக்குடியினரை மக்கள்தொகையில் சேர்த்து எண்ணவும், அவர்களுக்காகக் கூட்டரசு சட்டமியற்றவும் வழிசெய்தது.

நம்மை நோக்கி ஒரு கேள்வி

ஆஸ்திரேலியாவில் இஸ்லாத்தின் வரலாற்றை நம் இதழ்கள் எழுதும்போது ஒட்டகம் ஓட்டிய முன்னோரைப் பெருமையோடு நினைவுகூர்வது வழக்கம். 1860ஆம் ஆண்டு முதல் ஆப்கானிஸ்தானம், பலூசிஸ்தானம், பஞ்சாப், சிந்து முதலிய பகுதிகளிலிருந்து ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் அங்கே சென்றனர். அனைவரையும் 'ஆப்கானியர்' என்றே அழைத்தனர். பாலைவனத்தில் தந்திக் கம்பியும் சுரங்கமும் பண்ணையும் அவர்களுடைய ஒட்டகங்களின்றி அமைந்திரா. அடிலெய்டிலும் பெர்த்திலும் அவர்கள் எழுப்பிய பள்ளிவாசல்கள் இன்றும் நிற்கின்றன. வெள்ளையர் அவர்களையும் இழிவாகவே நடத்தினர். இவையெல்லாம் உண்மை.

ஆனால் மற்றொரு பாதியும் உண்மை. ஒட்டகம் சென்ற வழியிலேயே குடியேற்றமும் சென்றது. முயல் வேலியைச் சுற்றிக் காவல் புரிந்தோர் ஒட்டகங்களையே பயன்படுத்தினர். அவ்வேலிக்கு நில அளவை செய்த கானிங் என்பவரே 1906ஆம் ஆண்டு ஒட்டகங்களோடு மார்டு மக்களின் பாலை நிலத்துக்குள் நுழைந்து கால்நடைப் பாதை வகுத்தார். நீர்ச்சுனைகளைக் காட்டுமாறு அம்மக்களைச் சங்கிலியால் பிணைத்து அழைத்துச் சென்றதாக எழுந்த குற்றச்சாட்டை 1908ஆம் ஆண்டு விசாரணை ஆணையம் ஆராய்ந்து, சங்கிலியிட்டதை உறுதிசெய்தும் அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தது. வறண்ட நிலத்தில் ஒரு சிறு சுனை ஒரு குடும்பத்தின் உயிர். அதில் ஒட்டகக் கூட்டம் நீர் அருந்தினால் எஞ்சுவது என்ன? நம்மவர் இத்திட்டத்தை வகுத்தவர்கள் அல்லர், அதன் கூலிக்காரர்கள். எனினும், ஒடுக்கப்பட்டோரும் பிறர்மீதான ஒடுக்குதலுக்குக் கருவியாக முடியும் என்பதை மறைத்து எழுதும் பெருமை அரைப் பெருமையே.

இவ்விரு சமுதாயங்களிடையே உறவும் மலர்ந்தது. பலர் ஆதிக்குடி மகளிரை மணந்தனர். அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றனர். ஆனால் ஆதிக்குடிப் பெண்ணைப் பிற இனத்தார் மணக்கத் தலைமைக் காப்பாளரின் அனுமதி வேண்டும் என்றது 1905ஆம் ஆண்டுச் சட்டம். அக்பர் என்னும் ஒட்டகக்காரர் ஒருவர் தாம் விரும்பிய பெண்ணை மணக்க அனுமதி கேட்டபோது மறுத்தது நெவிலின் அதே அலுவலகம்தான். இருவரும் தென் ஆஸ்திரேலியாவுக்குத் தப்பிச் சென்றனர். பமேலா ரஜ்கௌஸ்கி 1995ஆம் ஆண்டு எழுதிய 'லிண்டன் கேர்ள்' என்ற நூல் இவர்களது வரலாற்றைக் கூறுகிறது. மோலியின் கதையும் இதுவும் ஒரே கோப்பறையிலிருந்து வந்தவை. ஒன்றை நம் கதையென்றும் மற்றதைப் பிறர் கதையென்றும் பிரித்துவைக்க நமக்கு உரிமையில்லை.

முடிவாக

1992ஆம் ஆண்டு மாபோ வழக்கில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம், வெள்ளையர் வந்தபோது அக்கண்டம் உரிமையாளரற்ற நிலமாக இருந்தது என்ற கோட்பாட்டைத் தள்ளிற்று. அதன்பின் 2002ஆம் ஆண்டு, படம் வெளிவந்த அதே ஆண்டில், மார்டு மக்களின் பாலை நிலத்தின் பெரும்பகுதிக்கு அவர்களுடைய பூர்வ உரிமை ஏற்கப்பட்டது. 2008ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில், பிரிக்கப்பட்ட தலைமுறையினரிடம் மன்னிப்புக் கேட்டார். 2014ஆம் ஆண்டு டோரிஸ் பில்கிங்டன் காலமானார். 2023ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள், ஆதிக்குடியினர்க்கு நாடாளுமன்றத்தில் கருத்துரைக்கும் ஓர் அவையை அரசியல் சட்டத்தில் இடம்பெறச் செய்யும் வாக்கெடுப்பு நடந்தது. ஏறத்தாழ அறுபது விழுக்காட்டினர் மறுத்தனர். ஆறு மாநிலங்களுள் ஒன்றுகூட ஆதரிக்கவில்லை. மன்னிப்புக் கேட்பது எளிது. கேட்டுக்கொண்டே இருக்க ஓர் இடம் தருவது அரிது என்பதை இவ்வாக்கெடுப்பு காட்டிற்று.

இச்சூழலில் இந்நூல் பழையதாகிவிடவில்லை. நூலின் குறையை நாம் மறைக்கவில்லை. அதன் கற்பனைப் பகுதிகளை வரலாறாகக் கொள்ளவேண்டா என்றே மாணவர்க்குச் சொல்வோம். ஆனால் அதன் நடுவே நிற்கும் சாட்சியம் அசைக்க முடியாதது. தாய் நடந்தாள், மகள் எழுதினாள். நடந்தவள் எழுத்தறியாதவள், எழுதியவள் அந்நடையால் விட்டுச்செல்லப்பட்டவள். அறிவிப்பாளர் தொடரில் இத்துணை விலை கொடுத்துச் செய்தியை நம்மிடம் சேர்ப்பித்தோர் மிகச் சிலர். படத்தைப் பார்த்து மகிழ்ந்தோர் நூலையும் ஒருமுறை படிக்கட்டும். நூலைப் படித்தோர், ஆஸ்திரேலியப் பள்ளிவாசல்களின் வரலாற்றை அடுத்தமுறை எழுதும்போது, அவற்றை எழுப்பியோரின் ஒட்டகங்கள் யாருடைய சுனையில் நீர் அருந்தின என்பதையும் சேர்த்து எழுதட்டும்.